இளம் பூனையின் திடீர் மரணமும் அயலவர் மீதான சந்தேகமும்

முதல்நாள் இரவு வழமைபோல் உண்டு விளையாடித் திரிந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத பூனை மறுநாட்காலை கதிரைக்கடியில் விறைத்துக் கிடக்கின்றது. உடலில் காயம் எதுவுமில்லை. வெள்ளவத்தை அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இத்தகைய வேளையில் முதலில் எழும் பேச்சு, 'யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்' என்பதே. ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் இரு குடும்பங்கள் அதன் பின்னர் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதும் உண்டு.

நஞ்சினால் பூனைகள் இறப்பதில்லை என நாம் கூறவரவில்லை. எனினும், குருதி உறைவதைத் தடுக்கும் வகையான எலிப்பாஷாணத்தின் விளைவு வெளித்தெரிவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை செல்லும். அதுவரை நன்றாயிருந்த பூனை ஓரிரவில் இறந்திருப்பின், இதயத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதயத்தசை தடித்துப்போகும் நோயே பூனைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் இதய நோயாகும். மெய்ன் கூன் என்னும் இனத்தில் இதற்குக் காரணமான மரபணு மாற்றமொன்று 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆயினும் சாதாரண வீட்டுப் பூனைகளையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. மிருகவைத்தியர் நெஞ்சொலியைக் கேட்கும்போதுகூட இது பிடிபடாமற் போகலாம். அவ்வாறிருக்க, 'நாம் கவனிக்கத் தவறிவிட்டோமே' என வீட்டார் தம்மைத்தாமே நொந்துகொள்வதில் நியாயமில்லை.

வீட்டாரின் அன்பே வினையாகும் சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வில்லை ஒன்றே பூனையொன்றைக் கொல்லப் போதுமானது. அதனை நச்சுநீக்கம் செய்யும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

தடுப்பூசி ஏற்றப்படாத குட்டியெனின், வெள்ளணுக்களை அழிக்கும் வைரசுத் தொற்றும் காரணமாகலாம். சில குட்டிகள் நோயின் அடையாளமே தெரியாமல் இறந்துவிடுகின்றன. அவ்வைரசு வீட்டுத் தரையில் ஓராண்டு வரையும் உயிர்த்திருக்கக்கூடியது. எனவே வெளிற்றும் திரவத்தினால் தரையைக் கழுவாமலும், தடுப்பூசி ஏற்றாமலும் புதிய குட்டியைக் கொண்டுவருதல் ஆபத்தானதாகும்.

இவை யாவற்றிலும் அவசரமானது வேறொன்று. இறப்பதற்கு முன்னர் பூனையின் நடத்தை மாறியிருந்தாலோ, அது எவரையேனும் கடித்தோ பிறாண்டியோ இருந்தாலோ, விசர்நோயைச் சந்தேகித்தே ஆகவேண்டும். காயத்தைப் பதினைந்து நிமிடங்கள் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனடியாக அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான ஆய்வு செய்யப்படுகின்றது. ஆகையால் வைத்தியரின் ஆலோசனை பெறுமுன் உடலைப் புதைத்துவிடலாகாது, வெறுங்கையால் தொடவுங்கூடாது.

காரணத்தை அறிந்தே தீரவேண்டும் என விரும்புவோர் பிரேத பரிசோதனை குறித்துத் தமது மிருகவைத்தியரிடம் அன்றைய தினமே கேட்டல் வேண்டும். உடலை உறையவிடாது குளிரில் வைத்திருத்தல் நன்று. கொழும்பில் இருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருகவைத்திய பீடம் உள்ளது. பரிசோதித்த பின்னரும் விடை கிடைக்காமற் போவதுண்டு என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

'பூனைதானே' என அயலார் கூறுவர். வீட்டுச் சிறுபிள்ளைக்கோ அதுவே முதல் மரணமாக இருக்கலாம். 'தூங்குகிறது', 'எங்கோ ஓடிவிட்டது' என்றெல்லாம் கூறினால் பிள்ளை படிக்கட்டில் காத்திருக்கும். இறந்துவிட்டது என்றே சொல்லலாம். ஏன் என்பது எமக்கும் தெரியவில்லை என்றும் சொல்லலாம். மூலையிலுள்ள உணவுக் கிண்ணத்தை எப்போது அகற்றுவது என்பதைப் பிள்ளையிடமே கேட்டறியலாம்.