அடுக்குக் கணினிகளும் செயலியின் ஆற்றல் மாற்றமும்

ஒரு கணினியினுள் மற்றொரு கணினி இயங்குதல் இக்காலத்தில் யாவரும் அறிந்த செய்தி. உண்மையில் இருப்பது ஒரே செயலி. மேற்பார்வை நிரல் ஒன்று அதன் உழைப்பைப் பகுத்தளித்து, தனிக் கணினிகள் பல இருப்பதாகத் தோற்றுவிக்கின்றது. அத்தோற்றத்தை மெய்நிகர் கணினி என்பர். அதனுள்ளும் ஒரு மேற்பார்வை நிரலை அமர்த்தி, மேலுமொரு மெய்நிகர் கணினியை இயக்கலாம். இவ்வடுக்கு முறையைக் கல்லூரிப் பயிற்சிக் கூடங்களில் மாணவரும், அலுவலகங்களில் கணினிகளைப் பேணிவரும் பழைய மாணவரும் கையாளுகின்றனர். செயலியின் ஆற்றல் இடையில் மாறுமாயின் உள்ளடுக்கின் கதி யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மேட்டூர் அணையின் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிப்பன. வழக்கமாக ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாட்கள் நீர் விடப்படும். அவ்வறிவிப்பை நம்பி நிலவுடைமையாளர் குத்தகைக்கு விடுகின்றார். குத்தகைதாரர் உள்குத்தகைக்கு விடுகின்றார். உள்குத்தகைதாரர் நாற்று நடுகின்றார். நட்ட பின்னர் மதகை அடைத்தால் முதலில் காய்வது கடைசியிலுள்ளவன் பயிரே. அவனோ அணையை நேரே கண்டவனல்லன். தனக்கு மேலுள்ளவர் சொல்லை நம்பியவன்.

செயலியும் தன் ஆற்றல்களைப் பட்டியலிட்டு அறிவிக்கின்றது. நிரல்கள் தாம் தொடங்கும்போது அப்பட்டியலைப் பெரும்பாலும் ஒரே முறை வாசித்து, அதற்கேற்பத் தம் வழியை வகுத்துக்கொள்ளும். பின்னர் மீண்டும் கேட்பதில்லை. இடர் இங்கேதான் பிறக்கின்றது.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இதற்குச் சான்று கிடைத்தது. இன்டெல் நிறுவனத்தார் தம் 'ஹாஸ்வெல்' செயலிகளில் டி.எஸ்.எக்ஸ். என்னும் ஆற்றல் பழுதுடையதெனக் கண்டு, மைக்ரோகோடு வாயிலாக அதனை முடக்கினர். லினக்ஸ் கணினிகள் சிலவற்றில், இயங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த மைக்ரோகோடு ஏற்றப்பட்டது. அவ்வாற்றல் உண்டெனத் தொடக்கத்தில் குறித்துக்கொண்ட நிரல்கள், இல்லாத கட்டளையை இட்டு, அந்த இடத்திலேயே மடிந்தன. கணினி தொடங்கும் வேளையிலேயே மைக்ரோகோடை ஏற்றும் முறை வற்புறுத்தப்பட்டது இதன் பின்னரே. நிற்க.

அடுக்கு முறையில் இவ்விடர் பெருகுகின்றது. உள்ளடுக்கை இயக்க விரும்பும் இடைநிரல், தன் விருப்பங்களை ஓர் ஏவற்சீட்டில் எழுதுகின்றது. அடித்தள நிரல் அதனைத் தன் சீட்டோடு இணைத்துச் செயலியிடம் கொடுக்கின்றது. ஐ.பி.எம். ஹைபா ஆய்வுக்கூடத்தார் 2010இல் வெளியிட்ட 'டர்ட்டில்ஸ்' ஆய்வு, இன்டெல் செயலியில் இம்முறையைச் செய்து காட்டிற்று. இடைநிரல் கோரிய ஆற்றல் நடுவில் நீக்கப்படின், சீட்டுச் செல்லாது. உள்ளடுக்குத் தொடங்க மறுக்கும். ஆற்றலைப் புதிதாகச் சேர்ப்பதும் தொல்லையற்றதன்று. இடைநிரல் பழைய பட்டியலையே பற்றி நிற்குமாதலின், புதியது உள்ளே எட்டாது. 2018இல் 'ஸ்பெக்டர்' பாதுகாப்புக் குறைக்காக வந்த புதிய ஆற்றல்களைப் பெற, மெய்நிகர் கணினிகளை முற்றும் அணைத்துத் தொடங்க வேண்டியதாயிற்று. அடுக்கில் இதனை ஒவ்வொரு படியிலும் செய்தல் வேண்டும். செய்யாவிடின் பாதுகாப்பு வந்துவிட்டதென நாம் எண்ணியிருக்க, உள்ளடுக்குக் காப்பின்றியே கிடக்கும்.

ஆற்றல் மாற்றத்தை அடுக்கினாலேயே நலமுறக் கையாண்ட பழைய நிகழ்ச்சியும் உண்டு. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். ஆய்வாளர் சி.பி.-67 என்னும் மேற்பார்வை நிரலை இயக்கி வந்தனர். இன்னும் வெளிவராத 370 கணினியின் புதிய கட்டளைகளை ஓர் உட்கணினியில் தோற்றுவித்து, அதனுள் புதிய மேற்பார்வை நிரலை ஓட்டிப் பார்த்தனர். அயற் கல்லூரிகளின் மாணவரும் அக்கணினியைப் பயன்படுத்தியமையால், இரகசியம் கசியாதிருக்கவே இவ்வேற்பாடு. வெளியடுக்கின் ஆற்றலோ சிறிதும் மாற்றப்படவில்லை. மாணவர் வேலையும் தடைப்படவில்லை. 370இன் மெய்நிகர் நினைவகத்தை ஐ.பி.எம். உலகறியச் செய்தது 1972 ஆகஸ்டு மாதத்தில்தான்.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்க முறைகள் சில.

முதலாவது, காக்கக்கூடியதையே வாக்களித்தல். பழையனவும் புதியனவுமாகிய கணினிகள் கலந்துள்ள கூடத்தில், அனைத்திற்கும் பொதுவான ஆற்றல்களை மட்டும் மெய்நிகர் கணினிக்கு அறிவித்தல் நன்று. அப்பொழுதே அதனை ஒரு கணினியினின்று மற்றொன்றிற்கு இடையூறின்றி மாற்றலாகும்.

இரண்டாவது, ஓட்டத்தில் மாற்றாமை. லினக்ஸின் கே.வி.எம்., ஒரு மெய்நிகர் செயலி ஓடத் தொடங்கிய பின்னர் அதன் பட்டியலை மாற்ற இசைவதில்லை. அது நமக்கு அரண், சுற்றுவழி தேடற்க.

மூன்றாவது, வரிசை பிறழாமை. அணைக்கும்போது உள்ளிருந்து வெளியே வருக. தொடங்கும்போது வெளியிலிருந்து உள்ளே செல்க. உள்ளிருந்தபடி மறுதொடக்கம் செய்தல் போதாது. முற்றும் அணைத்தல் வேண்டும். நினைவகத்தோடு உறங்கவைத்த நிலைப்படிகளும் பழைய பட்டியலையே சுமந்திருக்கும். ஆதலின் மாற்றத்திற்கு முன் அவற்றை எழுப்பி, முறைப்படி அணைத்துவிடுக.

நான்காவது, ஒவ்வோர் அடுக்கிலும் புகுந்து பட்டியலை வாசித்தல். லினக்ஸில் இன்டெல் செயலியாயின் வி.எம்.எக்ஸ்., ஏ.எம்.டி. செயலியாயின் எஸ்.வி.எம். என்னும் குறி இடையடுக்கில் தோன்றினாலன்றி, அதனுள் செயலியின் துணையோடு இயங்கும் உட்கணினி இல்லை.

உள்ளடுக்கில் ஒரு மாணவனின் ஆண்டு முழுமைக்குமான ஆய்வு இருக்கலாம்; ஒரு மருத்துவமனையின் பதிவேடு இருக்கலாம். அதனை வைத்திருப்போர் செயலியைக் கண்டறியார். அடித்தளத்தைப் பேணுவோரை நம்பியே வேலை செய்கின்றனர். ஆதலின் மாற்றத்திற்குரிய நாளையும் நேரத்தையும் அவர்க்கு முன்னரே அறிவித்து, அவர்தம் இசைவு பெற்ற பின்னரே மதகில் கைவைத்தல் முறையாம்.