அந்தமான் ஃபெர்ரி டிக்கெட்: ரிஸ்க்கை எந்தப் பக்கம் வைக்கிறீங்க?

அந்தமான் ட்ரிப்புக்கு பட்ஜெட் போட்டு அனுப்புறவங்க பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க: "பிரைவேட் ஃபெர்ரிக்கு இவ்வளவு ஆகுதே, கவர்மென்ட் போட்ல போய் மிச்சம் பண்ணலாமா?" தாராளமா பண்ணலாம். ஆனா மிச்சமாகிறது சில ஆயிரம்தான். அதே ஷீட்ல, கடைசி நாள் வரிசையில, முப்பதாயிரம் ரூபாய் ரிஸ்க் ஒண்ணு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். அதைப் பத்தி யாரும் கேக்கறதில்லை.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்குவோம். ஃபிளைட் இறங்குறது போர்ட் பிளேர்ல. பீச், ஸ்கூபான்னு நாம ஆசைப்படுற ரெண்டு தீவு ஹேவ்லாக், நீல். ரெண்டு இடத்துக்கும் விமானம் கிடையாது. ஹெலிகாப்டர் இருக்கு, ஆனா சீட் ரொம்பக் கம்மி, அதை நம்பி பிளான் போட முடியாது. அதனால கடல் வழிதான். போர்ட் பிளேர் – ஹேவ்லாக் – நீல் – மறுபடி போர்ட் பிளேர்னு ஒரு முக்கோணமா சுத்தி வர்றதுதான் வழக்கம். மொத்தம் மூணு டிக்கெட்.

புக் பண்ணும்போது பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2018 டிசம்பர்ல ஹேவ்லாக் 'சுவராஜ் தீப்' ஆச்சு, நீல் 'ஷாஹீத் தீப்' ஆச்சு. 2024 செப்டம்பர்ல போர்ட் பிளேரும் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிடுச்சு. சில சைட்ல பழைய பேர் இருக்கும், சில சைட்ல புதுசு.

இப்ப அந்தச் சின்னக் கேள்விக்கு வருவோம். மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் மாதிரி தனியார் போட்ல ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட் ஆயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பிச்சு, கிளாஸைப் பொறுத்து ஏறிக்கிட்டே போகும். ஹேவ்லாக்குக்கு வேகமான போட்ல சுமார் ஒன்றரை மணி நேரம். அரசாங்க ஃபெர்ரியில சில நூறு ரூபாயில முடியும், நேரம் சுமார் இரண்டரை மணி. ரெண்டு பேர், மூணு பயணம்னு வெச்சா ஐயாயிரம், ஆறாயிரம் வித்தியாசம் வரலாம்.

பிரச்சினை, அரசாங்க ஃபெர்ரி நமக்காக ஓடுறது இல்லை. அங்க குடியிருக்கிறவங்க ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போக நம்பியிருக்கிறது அதைத்தான். நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. அதனால உள்ளூர்க்காரங்களுக்குத்தான் முன்னுரிமை, அது நியாயமும்கூட. சீசன்ல டூரிஸ்ட்டுக்கு மிஞ்சுற சீட்டை எதிர்பார்த்து அஞ்சு நாள் லீவைத் திட்டம் போடறது எனக்குச் சரியாப் படல. பத்து நாள் லீவு இருக்கு, அவசரமே இல்லைன்னா தாராளமா அதுல போங்க.

இனி அந்தக் கடைசி நாள்.

பெரும்பாலானவங்க ஷீட் இப்படி இருக்கும்: முதல் ரெண்டு நாள் போர்ட் பிளேர், செல்லுலர் ஜெயில், ராஸ் தீவு. அப்புறம் ஹேவ்லாக், அப்புறம் நீல். கடைசி நாள் காலையில நீல்ல இருந்து ஃபெர்ரி, மதியம் சென்னைக்கு ஃபிளைட். பேப்பர்ல பார்த்தா அழகா இருக்கு. ஒரு மணி நேரம்கூட வீணாகல.

ஆனா காலையில ஃபெர்ரி கேன்சல்னு வெச்சுக்கோங்க. கடல் கொந்தளிப்புன்னா துறைமுக அதிகாரிகள் போட்டை விட மாட்டாங்க, அதுல பேரம் பேச எதுவும் இல்லை. ஒரு தம்பதிக்கு இது எவ்வளவுன்னு நான் ஒரு அனுமானக் கணக்கு போடறேன். உங்க எண்ணை நீங்க மாத்திக்கோங்க. நீல்ல இன்னொரு ராத்திரி 3,500. மறுநாள் போர்ட் பிளேர்ல ஒரு ராத்திரி 2,500. கடைசி நேர ஃபிளைட் ஆளுக்கு 11,000 வீதம் 22,000. லீவு தீர்ந்துபோயிருந்தா சம்பளப் பிடித்தம்: மாசம் 45,000 வாங்குற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 1,500, ரெண்டு பேருக்கு 3,000. மொத்தம் 31,000. இதுக்கு எதிரா ஃபெர்ரி கம்பெனி திருப்பித் தர்றது ஃபெர்ரி காசை மட்டும்தான். ஃபிளைட் போனது அவங்க பொறுப்பு இல்லை. ரெண்டும் தனித்தனி டிக்கெட், தனித்தனி ஒப்பந்தம்.

"இதெல்லாம் எப்பவோ நடக்கிறது"ன்னு தோணலாம். 2016 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையில மரங்களையெல்லாம் சாய்ச்ச வர்தா புயல். அது சென்னைக்கு வர்றதுக்குச் சில நாள் முன்னாடி அந்தமான் பக்கம் தாழ்வு மண்டலமா இருந்தப்ப, ஹேவ்லாக்லயும் நீல்லயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கிட்டாங்க. ஃபெர்ரி ஓடல. கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்துச்சு. அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை, ஒரு நாள் கடல் சரியில்லைன்னாலே நம்ம கணக்கு உடைஞ்சிரும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஜனவரிக்கு அப்புறம் கடல் ஓரளவு அமைதி.

சரி, இதுக்கு என்ன செலவு பண்ணித் தப்பிக்கிறது? ஒரு ரூபாய்கூட வேண்டாம். வரிசையை மாத்தினாப் போதும். போர்ட் பிளேர்ல எப்படியும் ஒண்ணோ ரெண்டோ ராத்திரி தங்கத்தான் போறீங்க. அதை முதல்ல வைக்காம கடைசியில வைங்க. காலை ஃபிளைட்ல இறங்கி, அன்னைக்கு மதியமோ மறுநாள் காலையோ நேரா ஹேவ்லாக். அப்புறம் நீல். ஊருக்குக் கிளம்புறதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது போர்ட் பிளேர் திரும்பிடுங்க. ஜெயில், ராஸ் தீவு எல்லாம் அப்போ.

"அப்ப ஃபிளைட் லேட்டானா மதிய ஃபெர்ரி போயிடுமே?" போகும். அப்ப போறது என்ன? ரெண்டு ஃபெர்ரி டிக்கெட், ஹேவ்லாக்ல ஒரு ராத்திரி ரூம், சேர்த்து ஏழாயிரம், எட்டாயிரம். அங்க 31,000, இங்க 8,000. ரிஸ்க் எங்கயோ ஒரு பக்கம் இருந்தே தீரும், அதை விலை கம்மியான டிக்கெட் பக்கம் தள்ளிவிடறோம், அவ்வளவுதான். அந்த எட்டாயிரமும் வேண்டாம்னா முதல் ராத்திரி போர்ட் பிளேர்ல தங்கிட்டு மறுநாள் கிளம்புங்க. கடைசி ராத்திரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ் எடுக்கிறவங்க, "ஃபெர்ரி இன்க்ளூடட்"னு பார்த்ததும் பணம் கட்டிடாதீங்க. எந்த போட், எந்த கிளாஸ், எத்தனை மணிக்கு, டிக்கெட் உங்க பேர்ல எப்ப கைக்கு வரும்னு எழுத்துல கேளுங்க. ஃபெர்ரி கேன்சலானா எக்ஸ்ட்ரா ராத்திரி யார் செலவுன்னும் கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா அது உங்க செலவுன்னு அர்த்தம்.

ஃபிளைட் போயே போச்சுன்னா ஒரு வேலை பாக்கி இருக்கு. டிக்கெட் நான்-ரிஃபண்டபிளா இருந்தாலும், நீங்க ஏறவே இல்லைன்னாலும், விமான நிலையக் கட்டணங்களையும் அரசு வரிகளையும் ஏர்லைன் திருப்பித் தரணும், இது டிஜிசிஏ விதி. தானா வராது, கேட்டு வாங்கணும். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கிறதா இருந்தா, 'மிஸ்டு கனெக்‌ஷன்' பகுதியில ஃபெர்ரி சேருமா, விமானம் மட்டும்தானா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேலன்னு படிச்சுட்டு எடுங்க. சில பாலிசிகளோட அந்தப் பகுதி ஃபெர்ரி பயணிக்கு உதவவே உதவாது.

கடைசியா, எல்டிஏ. நீங்க நியூ ரெஜிம்ல இருந்தா இந்த விலக்கு கிடையாது, இதோட நிறுத்திக்கலாம். ஓல்ட் ரெஜிம்ல இருக்கிறவங்களுக்கு: இந்தியாவுக்குள்ள போற பயணச் செலவுக்கு மட்டும்தான் விலக்கு, ஹோட்டல், சாப்பாடு, ஸ்கூபா எதுவும் சேராது. நாலு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு பயணம். 2022–2025 பிளாக்ல பயன்படுத்தாம விட்டது இருந்தா, அதுல ஒண்ணை 2026 டிசம்பருக்குள்ள எடுத்துக்கலாம்.

ஃபெர்ரி காசு எல்டிஏல வருமா? விதி பார்க்கிறது, கிளம்புன இடத்துல இருந்து போய்ச்சேர்ற இடத்துக்கான குறுகிய வழியை. ரயில் இல்லாத இடத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட பொதுப் போக்குவரத்தோட முதல் வகுப்புக் கட்டணம்தான் உச்சவரம்பு. அதனால போய்ச்சேர்ற இடம் ஹேவ்லாக்னு காட்டினா, போர்ட் பிளேர்–ஹேவ்லாக் போக, வர ஆகிற கட்டணத்தைக் கேக்கறதுல நியாயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஹேவ்லாக்ல இருந்து நீலுக்குச் சுத்துறது ஊர் சுத்துற கணக்கு, அதை எதிர்பார்க்காதீங்க. சில பேரோல் டீம் ஃபெர்ரி பில்லைப் பார்த்ததும் ஒதுக்கிடுவாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க. போர்டிங் பாஸ், ஃபெர்ரி டிக்கெட் ரெண்டையும் இறங்கின உடனே போட்டோ எடுத்து வைங்க. டிக்கெட்ல உங்க பேர் இருக்கணும், ஏஜென்ட் பேர் இருந்தா கிளெய்ம் நிக்காது.