குளிரில் இயங்க மறுக்கும் பழைய லொறி

கீழைக் கரையோரத்தில் வாழும் நமக்குக் குளிர் என்பது பெரும்பாலும் ஏட்டில் காணும் சொல்லே. மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடுவதை அறிவோம், உறைபனியை அறியோம். எனினும், நாவிதன்வெளி வயல்களின் விளைவு லொறிகளில் மலைநாடு ஏறுகின்றது. மரக்கறி மூடைகள் அவற்றிலேயே இறங்கி வருகின்றன. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாசி இரவுகளில் வெப்பநிலை சில வேளைகளில் பூச்சியப் பாகையை அண்மித்துப் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. ஊரில் ஒரே முறுக்கில் இயங்கும் பழைய லொறி அங்கே விடியற்காலையில் அசையாது நின்றுவிடும்.

தமிழ் கற்பிப்போருக்கு லொறியில் என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். சில ஆண்டுகளுக்கு முன், எம் பழைய மாணவர் ஒருவரின் லொறியில் யாமும் நுவரெலியா சென்றிருந்தோம். மறுநாட் காலை, கோவாவும் கரட்டும் ஏற்றிய வண்டி இயங்க மறுத்தது. வந்து பார்த்த ஒருவர், எஞ்சினையே மாற்றவேண்டும் என்றார். மாணவர் முகம் வாடிற்று. மனைவியின் நகையை அடகு வைப்பதைப் பற்றிப் பேசலானார். அன்று கற்றதையும் பின்னர் கேட்டும் படித்தும் தெளிந்ததையும் ஈண்டுத் தருகின்றோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளையினுள் அடைபட்ட காற்று, பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவிற்கு நெருக்குண்டு சூடேறுகின்றது. அச்சூட்டிலேயே டீசல் பற்றுகின்றது. உள்ளே புகும் காற்று 25 பாகை குளிர்ந்திருப்பின், நெருக்கத்தின் முடிவில் அக்குறை இரண்டு மூன்று மடங்காகப் பெருகும். மலையுச்சியில் காற்றழுத்தமும் கரையோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வளையங்கள் தேய்ந்த பழைய எஞ்சினில் காற்றுக் கசிவும் சேரும். ஆகவே, எஞ்சின் விரைந்து சுழன்றாலன்றிச் சூடு நிலைக்காது. குளிரிலோ எஞ்சின் ஒயில் தடித்துச் சுழற்சியைத் தடுக்கும். பற்றறியின் வலுவும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். மிகுதியான வலு வேண்டும் வேளையில் வலு குன்றுகின்றது. இடர்ப்பாட்டின் மூலம் இதுவே.

இனி, நோயறியும் முறை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்வை நாடவேண்டும் என்னும் அதன் ஒழுங்கு வண்டிக்கும் பொருந்தும். மூன்று வினாக்கள் போதும்.

முதலாவது: எஞ்சின் விரைந்து சுழல்கின்றதா? இல்லையெனின் முன்விளக்குகளை ஏற்றி, ஸ்ராட்டரை இயக்கிப் பார்க்க. விளக்குகள் மிக மங்கினால் பற்றறி வலுவிழந்திருக்கலாம். அதன் முனைகள் பூத்திருக்கலாம். அல்லது ஒயில் தடித்திருக்கலாம். விளக்குகள் ஒளி குன்றாதிருக்க எஞ்சின் மட்டும் மெல்லச் சுழன்றால், ஸ்ராட்டரையும் அதற்குரிய வயர்களையும் எஞ்சினையும் சட்டகத்தையும் இணைக்கும் ஏர்த் வயரையும் ஐயுறுக. பழுதுற்ற இணைப்புத் தொட்டால் சுடும்.

இரண்டாவது: நன்றாகச் சுழன்றும் இயங்கவில்லையெனின், புகைக்குழாயில் புகை வருகின்றதா? சிறிதும் வாராவிடின் டீசல் உருளையை அடையவில்லை. பில்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது இரவில் தளர்ந்த இணைப்பொன்றின் வழியே காற்றுப் புகுந்து டீசல் பின்வாங்கியிருக்கலாம். காற்றகற்றும் திருகாணியைத் தளர்த்தி, குமிழிகள் நீங்கும்வரை கைப்பம்பை இயக்குக.

மூன்றாவது: வெண்புகை வருகின்றதா? வருமாயின் டீசல் சேர்கின்றது. பற்றுதற்குச் சூடு போதவில்லை. சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினாயின் அதனைச் சோதிக்க. சூடேறிய பின்னரும் வெண்புகை நீங்காவிடின், அப்பொழுதே வளையம், வால்வு, நொசில் ஆகியவற்றை ஆராய்தல் முறை.

செய்யத்தகாதனவும் உள. பதினைந்து விநாடிக்கு மேல் ஸ்ராட்டரைத் தொடர்ந்து இயக்கலாகாது. இரண்டு நிமிடம் ஆறவிடுக. எண்ணெய்த் தாங்கியின்கீழ் நெருப்பு மூட்டலாகாது. சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்தால் உருளையே வெடிக்கக்கூடும். சரிவில் உருட்டி இயக்குவோர், எஞ்சின் ஓடாதவிடத்து பிரேக்கின் வலுவும் குறையும் என்பதை மறவற்க.

எம் மாணவரின் லொறியில், விளக்குகள் ஒளி குன்றவில்லை, எஞ்சினோ முனகியது. ஏர்த் வயரைத் தொட்டவர் கையைச் சட்டென எடுத்தார். கழற்றிப் பார்க்கையில், கடலோர உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது அவ்விணைப்பு. ஊரின் வெப்பத்தில் மறைந்திருந்த குறை மலையின் குளிரில் வெளிப்பட்டது. அரத்தாளால் தேய்த்து இறுக்கியதும், வெண்புகை கக்கி எஞ்சின் இயங்கிற்று. நகை பெட்டியிலேயே இருந்தது; மரக்கறி அன்றிரவே கல்முனைச் சந்தையை அடைந்தது.

மாணவச் செல்வங்களே, பெருஞ்செலவிற்கு உடன்படுமுன் சிறு வினாக்களை வரிசையாகக் கேளுங்கள். கல்லூரியிற் பெற்ற கல்வி வாழ்வில் துணை நிற்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.