மீண்டும் மூண்ட பழைய உலைகள்

வடநாட்டு எஃகு ஆலைகளில் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர் நம்மவரில் பலர். ஆயினும், ஆலைகள் தோன்றாத காலத்தில் கல்லினின்று இரும்பை எவ்வாறு பிரித்தனர் என்று நம் குழந்தைகள் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? அவ்விடையைக் கண்ணெதிரே காட்டும் ஊர் ஒன்று போலந்து நாட்டில் உள்ளது.

திருச்சிலுவை மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது நோவா ஸ்வூப்பியா. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அவ்வட்டாரம் பெரும் இரும்புக் களமாக விளங்கிற்று. அங்கு உருக்கியவர்கள் ஏட்டில் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. மண்ணுள் உறைந்த கிட்டக் கட்டிகளே அவர்தம் சாசனம். 1950களில் ராத்வான், பியெலெனின் ஆகிய அறிஞர்கள் அவற்றை ஆராயலாயினர். 1960இல், தோண்டிக் கண்ட உலைகளின் மீதே ஒரு காட்சிச்சாலை எழுந்தது.

அவ்வுலையின் அமைப்பு எளியது. தரையில் ஒரு குழி. அதன்மேல் களிமண்ணால் எழுப்பிய புகைக்கூண்டு போன்ற சுவர். உள்ளே மரக்கரியும் இரும்புத் தாதும் மாறி மாறி இடப்படும். வெப்பம் மிகும்போது கிட்டம் உருகிக் குழிக்குள் இறங்கும். பஞ்சு போன்ற இரும்புக் கட்டி மேலே தங்கும். சுவரை உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். எனவே ஓர் உலை ஒரு முறைக்கே பயன்பட்டது. குழியில் எஞ்சிய கிட்டம் ஏறத்தாழ 100 கிலோ இருக்கும்.

ஆனால் உறைந்த கிட்டம் பேசுமா? கூண்டின் உயரம் எவ்வளவு, காற்றை எப்படிச் செலுத்தினர், தாதுவை எவ்வளவு இட்டனர் என்பதை அது முழுமையாகச் சொல்லவில்லை. ஆகவே உலைகளைப் புதிதாகக் கட்டி மூட்டிப் பார்த்தனர். 1967இல் தொடங்கிய உருக்கு விழாவில் மக்கள் திரண்டு அதைக் கண்டனர். பின்னர் குடில்களும் பட்டறைகளுமாகப் பழைய குடியிருப்பே திறந்தவெளியில் மீண்டும் அமைக்கப்பட்டது. அங்கே துருத்தி ஊதப்படுகிறது, சம்மட்டி ஒலிக்கிறது.

முன்னோர் விட்டுச்சென்றதைப் போன்ற நிறைவான கிட்டக் கட்டியைப் பெறுதல் மட்டும் எளிதாக அமையவில்லை. விஞ்ஞானமும் அளவுகருவிகளும் கையிலிருந்தும், எழுத்தறியாத கொல்லனின் கைத்திறன் நெடுங்காலம் பிடிபடாமல் நின்றது. தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்த வித்தை ஒரு தலைமுறையில் அறுந்தால், அதை மீட்கப் பல தலைமுறைகள் முயல வேண்டியிருக்கிறது. மீண்டும் கட்டிய அக்குடியிருப்பு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

நம் நாட்டிலும் இத்தகைய களங்கள் உண்டு. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்கு இரும்பு உருக்கப்பட்டமைக்குச் சான்றுகளைத் தந்தன. அத்தகைய ஓர் உலையும் நம் மண்ணில் மக்கள் முன்னே மூட்டப்பட வேண்டும் என்பது நம் விருப்பம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உலை அணையாத கொல்லுப்பட்டறை ஒன்றேனும் இருந்தால் குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்வோம். அப்பெரியவரைப் பேசச் சொல்லிக் கேட்போம். கேட்க வேண்டிய காலத்தில் கேளாதிருந்தால், நம் பேரர் அதையும் மண்ணைத் தோண்டித்தான் கற்க வேண்டிவரும்.