எண்பதைத் தொட்டவர்கள் கவனத்துக்கு

ஞாயிறு காலை பத்து மணி தாண்டினால் சைக்கிள் குழுக்களின் வாட்ஸப்பில் படங்கள் வந்து விழத் தொடங்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், வால்பாறையிலிருந்து ஆழியாறு, ஏற்காட்டிலிருந்து சேலம் என்று இறங்கியவர்கள் செயலியின் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். தூரம், ஏறிய உயரம், சராசரி எல்லாமே அதில் இருக்கும். ஆனால் சிவப்பு வட்டம் போட்டிருப்பது அதிகபட்ச வேகத்துக்கு மட்டும்தான். 68, 74, 81. அதன் கீழே 'தல, வேற லெவல்' என்று பாராட்டு மழை.

அந்த எண் பல நேரங்களில் தவறானது. சரியாகவே இருந்தாலும், விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் பாராட்டு வாங்கித் தந்த அதே எண் வழக்கில் சாட்சியாக வந்து நிற்கும். உங்களுக்கு ஆதரவாகவும் நிற்கலாம், எதிராகவும் நிற்கலாம். மலையிறங்கும் சைக்கிள்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் அந்த வேகம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதிக்கவே வேண்டாம். ஹாண்டில்பாரின் மேல்பகுதியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாலே வேகம் 55, 60 வரை போகும். உடம்பை மடக்கிக் குனிந்துவிட்டால் 70 தாண்டும். இழுக்கும் விசை இரண்டிலும் ஒன்றுதான். எதிர்க்கும் காற்று மட்டும்தான் வேறு. எடை கூடியவர் வேகமாக இறங்குவதற்கும் இதுவே காரணம்: இழுப்பு எடையோடு கூடுகிறது, காற்றின் எதிர்ப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. உதகை உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே சரிவு, அதே ஆள் என்றாலும் அங்கே வேகம் பத்து சதவீதம் கூடிவிடும். ஊரில் மேம்பால இறக்கத்தில் பழகிய கை அங்கே ஏமாறும்.

குனிவதிலும் ஒரு எல்லை உண்டு. சீட்டை விட்டு இறங்கி பிரேமின் மேல்குழாயில் உட்கார்ந்து, மார்பை ஹாண்டில்பாரில் சாய்த்து இறங்கும் முறையை சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 2021 ஏப்ரல் 1 முதல் போட்டிகளில் தடை செய்தது. உலகத்தரமான வீரர்களுக்கே வேண்டாம் என்று சொன்னதை நம் பையன்கள் யூடியூபில் பார்த்துப் பழகுகிறார்கள்.

இனி அளவைக்கு வருவோம். செல்போன் செயலிகள் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறை உங்கள் இடத்தைப் பதிவு செய்கின்றன. 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் நீங்கள் 20 மீட்டர் கடந்திருப்பீர்கள். மரக்கிளை மூடிய சாலையில், ஒரு பக்கம் பாறைச் சுவர் எழும்பி நிற்கும் இடத்தில், ஜி.பி.எஸ். இடத்தை 5 மீட்டர் தள்ளிப் பதிவு செய்வது சாதாரணம். இடத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும் செயலியில் அந்த ஒரு நொடிக்கு 18 கிலோமீட்டர் கூடிவிடும். 63-ல் இறங்கியவர் 81 என்று வட்டம் போடுவது இப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் இதற்கு நேர்மாறு நடக்கும்: இரண்டு புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்துவிடுவதால் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

சக்கரத்தில் பொருத்தும் சென்சார் இதைவிட நம்பகமானது. ஆனால் அதற்கு டயரின் சுற்றளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். 700×25 டயரின் சுற்றளவு சுமார் 2105 மில்லிமீட்டர், 700×32 டயருக்கு 2155. 32 டயரைக் கழற்றி 25 டயரை மாட்டிவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால் 70 என்பது 71.7 ஆகத் தெரியும். டியூப் வால்வைத் தரைப்பக்கம் கொண்டுவந்து அங்கே ஒரு கோடு போட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பில் அளந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சாதனை என்ற பெயரில் வேகத்தைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரான்சைச் சேர்ந்த எரிக் பரோன் 2017 மார்ச்சில் ஆல்ப்ஸ் மலையின் வார்ஸ் பனிச்சரிவில் மணிக்கு 227.72 கிலோமீட்டர் எட்டினார். மூடிய தடம், குறுக்கே யாருமில்லை, விண்வெளி வீரர் போட்டதுபோல் உடை. அப்படிப்பட்டவருக்கே 2002-ல் நிகரகுவாவின் செர்ரோ நீக்ரோ எரிமலைச் சரிவில் 172 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளின் பிரேம் முறிந்தது. பலத்த காயங்களோடு பிழைத்தார். நம் மலைப்பாதையில் குறுக்கே அரசுப் பேருந்து வரும், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து வரிசையாக நடப்பார்கள், காட்டுமாடு நின்றுகொண்டிருக்கும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஒரு பொருளைக் கண்டு மூளை உணர்ந்து கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். அதற்குள் 17 மீட்டர் போய்விட்டிருக்கும். பிறகு நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால் 8 சதவீத இறக்கத்தில் நிற்க இன்னும் முப்பது மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகமொத்தம் சுமார் 50 மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 17 மீட்டரில் முடிந்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் 50 மீட்டர் தெரிகிற இடம் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் எத்தனை இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களே சொல்லட்டும்.

ஹெல்மெட் இருக்கிறதே என்பார்கள். போட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 முத்திரை பெறும் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் மோதவிட்டுச் சோதிக்கும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தலை சைக்கிள் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கான கணக்கு அது. லாரியின் முகப்பில் எழுபதில் மோதுவதற்கான கணக்கு அல்ல.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருபவர்களுக்கு வேறொரு ஆபத்து. 800 மீட்டர் உயரத்தின் ஆற்றல் காற்றுக்குப் போனது போக மீதி முழுவதும் ரிம்மில் சூடாகத் தேங்கும், டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பேட் வழுக்கத் தொடங்கும். வளைவுக்கு முன்னே அழுத்தமாகப் பிடித்து, விட்டு, ஆறவிட்டு இறங்குவதே வழி. வேகத்தில் முன்சக்கரம் தானாக நடுங்கத் தொடங்கினால் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் இரு முழங்காலாலும் பிரேமைக் கவ்விக்கொண்டு மெல்ல பிரேக் பிடியுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். இங்கே பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் வேக வரம்பு, பந்தயத் தடை, ஹெல்மெட் கட்டாயம் மூன்றும் மோட்டார் வண்டிகளுக்குத்தான். சைக்கிளுக்கு உரிமமும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். '40 கி.மீ.' பலகையைத் தாண்டி 65-ல் இறங்கினால் அந்தச் சட்டப்படி அபராதம் போட முடியாது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு 'எந்த வாகனத்தையும்' என்றுதான் சொல்கிறது. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் 125-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை, உயிர் போனால் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. இழப்பீட்டுப் பொறுப்பு தனி. காரோட்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும், சைக்கிள்காரர் சொந்தக் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

செயலி இதில் எப்படி நுழைகிறது என்பதற்கு கலிபோர்னியாவில் இரண்டு வழக்குகள். 2010-ல் பெர்க்லி மலையில் ஸ்ட்ராவா செயலியில் தன்னிடமிருந்து பறிபோன இறக்கச் சாதனையைத் திரும்பப் பிடிக்க முயன்ற ஒருவர் விபத்தில் இறந்தார். குடும்பத்தார் 2012-ல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். சைக்கிள் ஓட்டுவதில் இயல்பாகவே உள்ள ஆபத்தை அவர் அறிந்தே ஏற்றார் என்று அடுத்த ஆண்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செயலி தூண்டியது என்ற வாதம் எடுபடவில்லை. இன்னொன்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில். ஸ்ட்ராவாவில் பதிவு செய்தபடி இறக்கத்தில் வேகமாக வந்தவரின் சைக்கிள் மோதி, சாலையைக் கடந்துகொண்டிருந்த 71 வயது முதியவர் இறந்தார். ஓட்டியவர் 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆயிரம் மணி நேரச் சமூகப் பணியும் தண்டனையாகப் பெற்றார்.

மோதப்பட்டவர் நீங்கள் என்றால் கதை வேறு. மோட்டார் வண்டி ஒன்று உங்கள் மீது மோதினால் நீங்கள் அதன் மூன்றாம் தரப்பு. வண்டியின் காப்பீடு உங்களுக்கும் உண்டு. எஃப்.ஐ.ஆர். பதிவானதும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுப்போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம் கேட்க முடியும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் 2022 திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம், இறப்புக்கு இரண்டு லட்சம். இதற்கான மனு வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம். தவறை நிரூபித்துக் கூடுதல் தொகை கேட்கும் வழக்கில்தான் உங்கள் வேகம் பேசப்படும். உங்கள் பங்கு முப்பது சதவீதம் என்று தீர்ப்பாயம் கருதினால் அந்த முப்பது கழிக்கப்படும். மலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் மறக்காமல் சொல்வார்.

அதனால்தான் பதிவு முக்கியம். செயலியில் ஏற்றிய படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கருவியில் உள்ள மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால்தான் அது மின்னணுச் சாட்சியம். பாதகமாக இருக்கிறது என்று அழிப்பது அதைவிடப் பாதகம்.

சிகிச்சைக்குப் பணமில்லை என்று மலையடிவாரத்தில் தயங்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மோட்டார் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தென்றால் 2025 மே மாதம் வந்த மத்தியத் திட்டத்தில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தூக்கிச் செல்பவரைப் பேர், விலாசம் கேட்டு மிரட்ட யாருக்கும் உரிமையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு.

யாரும் மோதாமல், குழியிலோ கொட்டிக் கிடந்த ஜல்லியிலோ நீங்களே விழுந்தால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அதே சட்டத்தின் 198ஏ பிரிவு சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறியவருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசு நிதிக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்களுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் சிவில் வழக்கு, இல்லையேல் உயர்நீதிமன்றம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ல் சட்ட உதவி கேட்கலாம். குழியைப் படம் எடுத்து, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லும் தெரியும்படி எடுத்து, அன்றே நெடுஞ்சாலைத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். மறுநாள் தார் ஊற்றி மூடிவிட்டால் குழி இருந்ததற்குச் சாட்சி கிடையாது.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 'சாகச விளையாட்டு' என்று கைவிரித்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். தரப்படுத்தப்பட்ட விலக்குப் பிரிவு, தொழில்முறையாக ஈடுபடுபவரைத்தான் விலக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர் அதில் வரமாட்டார். தனிநபர் விபத்துப் பாலிசியில் 'பந்தயம்' என்ற விலக்கு தனியாக இருக்கலாம். அங்கே செயலியின் போட்டிப் பட்டியல் உங்களுக்கு எதிராகக் காட்டப்படலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை.

கடைசியாக ஒன்று. ஃபோர்க் முறிந்தோ பிரேக் கேபிள் அறுந்தோ விழுந்தவர்கள், உடைந்த பாகத்தைக் கடைக்காரரிடம் 'பார்த்துச் சொல்லுங்க அண்ணே' என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள். கொடுக்காதீர்கள். பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளால் காயம் பட்டால் தயாரித்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் ஆகியோரைப் பொறுப்பாக்க முடியும். இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப்போடலாம். ஐந்து லட்சத்துக்குள் விலை கொடுத்து வாங்கிய பொருளென்றால் மனுக்கட்டணம் கிடையாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.