உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜெர்மன் தட்டின் வயது

ஜெர்மனிக்குப் போனவர்கள் ஞாபகார்த்தமாக வாங்கிவந்த உலோகத் தட்டுகள் பழம்பொருள் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும். அவற்றின் வயதைக் கணிக்கச் சில துப்புகள்:

● 'மேட் இன் ஜெர்மனி' முதலில் பெருமைக்காகப் பொறித்த வாசகம் அல்ல. மலிவான அயல்நாட்டுச் சரக்கை வாங்குபவர் இனங்காண வேண்டும் என்று 1887-ல் பிரிட்டன் போட்ட சட்டத்தால் வந்தது. அமெரிக்காவும் 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலத்தில் 'ஜெர்மனி' என்றிருந்தால், தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது, ஏற்றுமதிக்காகச் செய்தது.

● 'யு.எஸ். ஸோன்' என்றும் சேர்ந்திருந்தால் 1945-49. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-90.

● 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற நான்கு எழுத்துகள், வடிவம் பதிவுசெய்யப்பட்டதைச் சொல்பவை. அந்தப் பதிவுமுறை தொடங்கியது 1891-ல்.

● படமும் பேசும். கொலோன் பேராலயத்தின் 157 மீட்டர் இரட்டைக் கோபுரங்கள் முடிந்த ஆண்டு 1880. பக்கத்தில் வளைவு வளைவாக ஹோஹென்சொல்லர்ன் பாலமும் தெரிந்தால் 1911-க்குப் பிந்தியது. ரூடஸ்ஹைம் குன்றின் ஜெர்மானியா சிலை என்றால் 1883-க்கு முன்பு இருக்க முடியாது. ஆனால், இவையெல்லாம் கீழ் எல்லை மட்டுமே. பழைய படத்தைப் பின்னாளிலும் அச்சில் வார்க்கலாம்.

● பிறையும் கிரீடமும், கூடவே 800 என்ற எண்ணும் இருந்தால் அசல் வெள்ளி. ஆயிரத்தில் 800 பங்கு. 1888-ல் நடைமுறைக்கு வந்த முத்திரை இது. வெறும் 90 என்றிருந்தால் ஏமாறாதீர்கள்! அது பெரும்பாலும் வெள்ளி முலாமின் அளவு, சதவீதம் அல்ல.

● நம் ஊர் விசேஷங்களில் வைத்துக்கொடுக்கும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி பொட்டளவும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. தட்டின் அடியில் 'அல்பாக்கா' என்றிருந்தாலும் அதே சங்கதிதான்.

● 'கைஸர்ட்ஸின்' முத்திரை கண்டால் விடாதீர்கள். கிரெஃபெல்ட் நகரப் பட்டறையின் வெள்ளீயக் கலவைச் சாமான் அது; காரீயம் சேர்க்காதது. பூவும் கொடியுமான அதன் அலங்காரங்கள் பலவற்றை வரைந்தவர் ஹூகோ லேவன். முத்திரையோடு 4-ல் தொடங்கும் நான்கிலக்க மாதிரி எண்ணும் இருக்கும்.

● பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோபுர முனையும் எழுத்தின் ஓரமும் கூர்மையாக இருந்தால் நல்ல அச்சில் வார்த்தது. மழமழவென்று மழுங்கி, குழிகளில் மணல்துளை போலப் புள்ளிகள் தெரிந்தால், பழைய தட்டையே மாதிரியாக வைத்து எடுத்த நகலோ என்று சந்தேகப்படுங்கள்.

● வாங்கியதும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஏறிய நிறம் போனால் மதிப்பும் போகும். பழைய வெள்ளீயக் கலவைகளில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால், அதில் பலகாரமும் வேண்டாம். அலமாரியில் வைத்துப் பாருங்கள், போதும்!