தினமும் ஓட்டுற பிக்கப்புக்கு சாலிட் ஆக்ஸில் தேவையா?

‘பேக் டு தி ஃப்யூச்சர்’ படத்துல மார்ட்டி ஏங்கிப் பார்க்குற கறுப்பு டொயோட்டா பிக்கப் ஞாபகம் இருக்கா? அது 1985 மாடல். முன்னாடி சாலிட் ஆக்ஸில். அடுத்த வருஷமே அமெரிக்காவுல விக்கிற ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு டொயோட்டா ஐ.எஃப்.எஸ். கொடுத்துடுச்சு. அதாவது, ரெண்டு முன்சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்குற சஸ்பென்ஷன்.

அந்த ஐ.எஃப்.எஸ்.ஸைக் கழட்டிட்டு மறுபடியும் சாலிட் ஆக்ஸில் மாட்டுறவங்க இன்னிக்கும் அங்க நிறைய பேர். ஆஃப்ரோடுக்கு மட்டும் வச்சிருக்குற வண்டின்னா சரி. அதே வண்டியிலதான் திங்கக்கிழமை வேலைக்கும் போகணும்னா?

ஏன் மாத்துறாங்க?

சாலிட் ஆக்ஸில்ல ரெண்டு சக்கரமும் ஒரே இரும்பு ஹவுசிங்கோட ரெண்டு முனையில இருக்கு. ஒண்ணு பாறை மேல ஏறினா, இன்னொண்ணு கீழ அழுந்தும். டயர் தரையை விடாம பிடிக்கும்.

ஐ.எஃப்.எஸ். வண்டியை உயரமாக்கி 35 இன்ச் டயர் போட்டா, சி.வி. ஜாயின்ட் செங்குத்தான கோணத்துல சுத்தவேண்டி வரும். கலிஃபோர்னியாவோட ரூபிகான் டிரெயில் மாதிரி பாறைப் பாதையில அது உடையும், டை ராட் வளையும். அடிக்கடி இப்படி உடைச்சவங்களுக்கு இந்த மாற்றம் நியாயமானதுதான்.

ரோட்டுல என்ன ஆகும்?

ஆக்ஸில் மொத்தமும் ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்குற எடை. ஒரு சக்கரம் பள்ளத்துல விழுந்தா, அதோட உதறல் அடுத்த சக்கரத்துக்கும் போகும். வண்டி உயரமாகுறதால வளைவுல சாயுறதும் கூடும்.

பயப்படவேண்டிய விஷயம் ‘டெத் வாபிள்’. ஹைவே வேகத்துல ஒரு சின்னப் பள்ளம், உடனே ஸ்டியரிங் கையில நிக்காம உதற ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைச்சாத்தான் அடங்கும். டிராக் பார் புஷ் தேஞ்சிருக்கலாம், பால் ஜாயின்ட் லூசா இருக்கலாம், டயர் பேலன்ஸ் இல்லாம இருக்கலாம், கேஸ்டர் கோணம் தப்பா இருக்கலாம். புது ஸ்டியரிங் டாம்பர் போட்டா அறிகுறி மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

விலைப்பட்டியல்ல தெரியாத வேலைகள்

ஆக்ஸில் வாங்குறது ஆரம்பம் மட்டும்தான். முன் ஆக்ஸிலோட கியர் ரேஷியோ பின்னாடி இருக்குறதோட பொருந்தணும். முன்னாடி 4.10, பின்னாடி 4.88னு இருந்தா, ஃபோர் வீல்ல போட்டதும் டிரைவ்டிரெயின் முறுக்கிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் எந்தப் பக்கம் ஷாஃப்ட் கொடுக்குதோ, டிஃபரன்ஷியலும் அந்தப் பக்கமே இருக்கணும். பிரேக் ஹோஸ் நீளம் மாறும். ஏ.பி.எஸ். வண்டின்னா வீல் சென்சாரையும் பொருத்தணும், இல்லைன்னா ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் போயிடும்.

எல்லாத்துக்கும் மேல, சேஸிஸ்ல வைக்கிற ஒவ்வொரு வெல்டும் உங்க உயிரைத் தாங்குது. வேலை இழுத்துக்கிட்டே போனா, அதுவரைக்கும் ஆபீஸ் போக வேற வண்டி வேணும்.

முடிவு எடுக்க மூணு கேள்வி

ஒண்ணு: இப்போ இருக்குற ஐ.எஃப்.எஸ்.ஸை நிஜமாவே உடைச்சிருக்கீங்களா? இல்லைன்னா, 33 இன்ச் டயர், பின்னாடி ஒரு லாக்கர், அடியில ஸ்கிட் பிளேட்... இதுவே ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போகும்.

ரெண்டு: மாசத்துல எத்தனை மணி நேரம் பாறை, எத்தனை மணி நேரம் ஹைவே? ஹைவேதான் அதிகம்னா, அப்போ ஓட்டுறது சுகமா இருக்குறது முக்கியம்.

மூணு: புஷ், ஜாயின்ட், அலைன்மென்ட் எல்லாத்தையும் அடிக்கடி செக் பண்ண உங்களுக்குப் பொறுமை இருக்கா? இருந்தா, நல்லா செஞ்ச சாலிட் ஆக்ஸிலை தினமும் ஓட்டலாம். ஜீப் ராங்லர் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருது. ஆனா அதுல ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாத்தையும் இன்ஜினியர்கள் ஒண்ணா டிசைன் பண்ணியிருக்காங்க. ஸ்வாப்ல அந்த வேலை உங்க தலையில.

நம்ம ஊர்ல கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்குற, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாது. சாலிட் ஆக்ஸில்தான் ஆசைன்னா, ஜிம்னியில முன்னாடியும் பின்னாடியும் அதுவே இருக்கு. வெல்டிங் மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி, ஒரு டெஸ்ட் டிரைவ் போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!